மெல்லெழுத்து ஆறும் பிறக்கும் இடம்

(தருமபுரியில் தமிழாசிரியர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை இவ்வூர்ப் பேருந்து நிலையத்தில் வந்திறங்கினேன். அடுத்தடுத்து இரண்டு பேருந்துகள் நின்றன. இரண்டும் ஒரே ஊருக்குச் செல்பவை. ஒன்றின் நெற்றிப் பலகையில் 'பென்னாகரம்' என்று இருந்தது; மற்றொன்றில் 'பெண்ணாகரம்' என்று இருந்தது. ஏறுகின்றவர் எவரும் ஐயுறவில்லை, நின்று பார்க்கவுமில்லை. நம் மாவட்டத்தில் ஓர் ஊர் தன் பெயரை இரண்டு வகையாய் எழுதிக்கொண்டு நாள்தோறும் ஓடுகிறது. "இரண்டு சுழியோ, மூன்று சுழியோ, ஊர் போய்ச் சேர்ந்தால் போதும்" என்று நாமும் இருந்துவிடுகிறோம். அந்தச் சுழியைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ங, ஞ, ண, ந, ம, ன என்னும் மெல்லெழுத்து ஆறும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிக்கப்படுகின்றன? பெரும்பாலும் கண்ணுக்கு மட்டுமே கற்பிக்கப்படுகின்றன. "மூன்று சுழி ண, இரண்டு சுழி ன" என்கிறோம். சுழி என்பது கை வரையும் கோடு. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, னா, றா, ணை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்கள் மாற்றப்பட்டன. வடிவம் மாறிற்று; ஒலி மாறவில்லை. ஆகவே, எழுத்தின் உயிர் சுழியில் இல்லை. அது வாயில் இருக்கிறது. அது பிறக்கும் இடத்தில் இருக்கிறது. இந்த ஒன்றைத்தான் இவ்வுரை முழுவதும் சொல்லப்போகிறேன்.

மூக்கின் கதவு

முதலில் மெல்லொலி எவ்வாறு தோன்றுகிறது என்று பார்ப்போம். உங்கள் நாவின் நுனியால் மேலண்ணத்தைப் பல்லிலிருந்து பின்னோக்கித் தடவிக்கொண்டே செல்லுங்கள். முதலில் எலும்பின் வன்மை தெரியும். அதற்கும் பின்னே துணி போன்ற மென்மை தொடங்கும். அம்மென்னண்ணத்தின் கடையில்தான் உண்ணாக்குத் தொங்குகிறது. இந்த மென்னண்ணம் ஒரு கதவு. அது மேலெழுந்து பின்சுவரோடு ஒட்டிக்கொண்டால் மூக்கின் வழி அடைபடும்; தாழ்ந்தால் திறக்கும்.

'ப' என்று சொல்லும்போது இதழ்கள் மூடுகின்றன. மூக்கின் கதவும் மூடிக்கொள்கிறது. வெளியேற வழியின்றித் தேங்கிய வளி, இதழ் பிரிந்தவுடன் வெடித்து வருகிறது. 'ம' என்று சொல்லும்போதும் இதழ்கள் அதே இடத்தில்தான் மூடுகின்றன. ஆனால், மூக்கின் கதவு திறந்தே இருக்கிறது. மிடற்றில் அதிர்ந்த வளி மூக்கின் வழியே இசையாய்ச் செல்கிறது. பகரத்துக்கும் மகரத்துக்கும் இதழில் வேறுபாடு இல்லை. வேறுபாடு கதவில்தான்.

ஐயமிருந்தால் மூக்கை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டு 'ம்' என்று நீட்டிப் பாருங்கள். நொடிப்பொழுதில் அது அடங்கிவிடும். தடுமம் பிடித்த பிள்ளை 'அம்மா' என்று அழைத்தால் அம்மகரம் பகரத்தின் பக்கம் சாய்வதை வீட்டில் கேட்டிருப்பீர்கள். மூக்கடைத்தால் மெல்லினம் வல்லினத்தின் வாயிலில் போய் நிற்கிறது. மெல்லினத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 'க்' என்பதையோ 'ட்' என்பதையோ நீட்டிச் சொல்ல முடியாது. 'ம்', 'ண்' என்பவற்றை மூச்சு உள்ளளவும் நீட்டலாம். தாலாட்டும் தாய் ஒற்றையிழையாக இழுக்கும் ஒலி மெல்லொலியாக இருப்பதன் கரணியம் இதுவே.

தொல்காப்பியர் காட்டிய இடங்கள்

இவ்வுண்மையை இன்றைய ஒலியியலார் கருவிகொண்டு காட்டுகின்றனர். கருவியில்லாத காலத்தில், தம் வாயையே கருவியாக்கிக் கண்டவர் தொல்காப்பியர். எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலுக்குப் பிறப்பியல் என்று பெயர். உந்தியிலிருந்து எழும் வளி, தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தும்போது எழுத்துகள் வெவ்வேறாகப் பிறக்கின்றன என்று அங்கே கூறுகிறார். மெல்லெழுத்தைப் பற்றி அவர் சொல்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மெல்லெழுத்து ஆறும் தத்தம் பிறப்பிடத்தில் பிறக்கும். ஆயினும், மூக்கின் வளியிசையும் அவற்றுக்கு வேண்டும் என்கிறார். வாயில் ஓரிடம், மூக்கில் ஒரு வழி என இரண்டும் கூடினால்தான் மெல்லெழுத்து. பின்வந்த நன்னூலாரும் மெல்லினத்துக்கு மூக்கை இடமாகச் சொல்லி, நாவும் இதழும் செய்யும் முயற்சியைத் தனியே பிரித்துக் காட்டினார்.

அவ்விடங்களை நம் மண்ணின் பெயர்களைக் கொண்டே சொல்கிறேன். மாணவர்கள் உடன் சொல்லிப் பாருங்கள்.

காரிமங்கலம். இதில் வரும் 'ங்' நாவின் அடிப்பகுதி எழுந்து அண்ணத்தின் அடியைப் பொருந்தப் பிறக்கிறது. ககரம் பிறக்கும் அதே இடம்.

பஞ்சப்பள்ளி. இதில் வரும் 'ஞ்' நாவின் நடுப்பகுதி அண்ணத்தின் நடுவைப் பொருந்தப் பிறக்கிறது. சகரத்தின் இடம்.

தென்பெண்ணை. இந்த ஆற்றின் பெயரில் இரண்டு மெல்லெழுத்துகள் இருக்கின்றன. பின்னே வரும் 'ண்' என்பதற்கு நாவின் நுனி மேல்நோக்கி மடிந்து, பல்லீற்று மேட்டைக் கடந்து பின்னே சென்று அண்ணத்தைத் தொடுகிறது. டகரத்தின் இடம். முன்னே வரும் 'ன்' என்பதற்கு நாவின் நுனி நிமிர்ந்து, மேற்பல்லின் பின்னேயுள்ள பல்லீற்று மேட்டிலேயே நின்றுவிடுகிறது. பழைய றகரத்தின் இடம்.

நல்லம்பள்ளி. இதன் முதலில் நிற்கும் 'ந' என்பதற்கு நாவின் நுனி பரந்து மேற்பல்லின் அடியில் ஒற்றவேண்டும். தகரத்தின் இடம்.

கம்பைநல்லூர். இதில் வரும் 'ம்' இரண்டு இதழ்களும் இயையப் பிறக்கிறது. பகரத்தின் இடம்.

ஐந்து பெயர்களில் ஆறு எழுத்தும் அடங்கிவிட்டன. நம் தகடூர்த் தலைவன் 'அதியமான் நெடுமான் அஞ்சி' என்னும் பெயரிலேயே ம, ன, ந, ஞ ஆகிய நான்கும் இருக்கின்றன. 1981ஆம் ஆண்டு திருக்கோவலூரை அடுத்த சம்பையில் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதியமானின் பெயரைச் சரியாகச் சொல்லும் பிள்ளைக்கு மெல்லினத்தில் பாதிக்கு மேல் வந்துவிட்டது என்று பொருள்.

இனம் இனத்தோடு சேரும்

"ஐயா, இவையெல்லாம் இலக்கணக்காரர் கட்டிய கட்டுப்பாடு, பேசுகின்றவனுக்கு இவற்றால் என்ன?" என்று கேட்பவர் உண்டு. அவர்க்கு விடை அவர் வாயிலேயே இருக்கிறது. 'வரும்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காலம் என்பதோடு சேர்ந்தால் 'வருங்காலம்'. செலவு என்பதோடு சேர்ந்தால் 'வருஞ்செலவு'. தொகை என்பதோடு சேர்ந்தால் 'வருந்தொகை'. பயன் என்பதோடு சேர்ந்தால் 'வரும்பயன்'. ஒரே மகரம் அடுத்து நிற்கும் வல்லெழுத்தின் வீட்டுக்குச் சென்று அங்கேயே தங்கிவிடுகிறது. நா ஒரு சொல்லுக்குள் இரண்டு இடங்களுக்கு அலைய வேண்டாம் என்று இயற்கை வகுத்துக்கொண்ட சிக்கனம் இது. இதை இலக்கணம் கட்டளையிடவில்லை, கண்டு சொன்னது.

இன்னும் ஒரு சான்று கேளுங்கள். மண்ணால் ஆன குடம் மட்குடம். பொன்னால் ஆன குடம் பொற்குடம். மண்ணின் ணகரம் டகரமாகிறது. பொன்னின் னகரம் றகரமாகிறது. ஏன் மாறி ஆகவில்லை? மூக்கின் கதவு மூடினால் ணகரம் தன் இடத்திலேயே டகரமாகும். னகரம் தன் இடத்திலேயே றகரமாகும். இதழில் மகரத்துக்கும் பகரத்துக்கும் கண்டோமே, அதே உறவுதான் இங்கும். இதனால்தான் நம் முன்னோர் அவ்வெழுத்துகளுக்குப் பெயரிடும்போது டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பெயரிட்டனர். டகரத்தை அடுத்த ணகரம், தகரத்தை அடுத்த நகரம், றகரத்தை அடுத்த னகரம். பெயரைச் சொன்னாலே இடம் விளங்கும். அந்த அருமையான பெயர்களை ஒதுக்கிவிட்டுச் சுழியை எண்ணும் பழக்கத்துக்கு நாம் வந்து சேர்ந்தோம்.

இடம் மாறினால் பொருள் மாறும். மணம் பூவிலும் மனம் நெஞ்சிலும் இருக்கின்றன. பணி உழைப்பு, பனி குளிர். அண்ணம் வாயின் கூரை, அன்னம் சோறு. ஊண் உணவு, ஊன் தசை. இவற்றில் ணகர னகர வேறுபாட்டை நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலரும் வாயால் காட்டிவிடுகின்றனர். எழுதும்போது மட்டும் தடுமாறுகின்றனர். சிக்கல் அதனினும் ஆழமாக இருப்பது நகரத்துக்கும் னகரத்துக்கும் இடையேதான்.

இழந்ததும் இழவாததும்

உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். இன்றைய தமிழ்ப் பேச்சில் நகரமும் னகரமும் பெரும்பாலோர் வாயில் ஒன்றாகிவிட்டன. நாய், நாடு, நெல் என்று சொல்லும்போது நம்முள் பலருக்கு நா பல்லில் படுவதில்லை. ஈற்று மேட்டிலேயே பட்டுவிடுகிறது. இம்மயக்கம் நேற்றுத் தோன்றியதும் அன்று. பிற்காலக் கல்வெட்டுகள் சிலவற்றில் னகரம் நிற்கவேண்டிய இடத்தில் நகரம் வெட்டப்பட்டிருப்பதைக் காண்கிறோம். இதற்குக் கரணியமும் உண்டு. சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் நகரம் வரும். ஏனைய இடங்களில் பெரும்பாலும் னகரம் வரும். ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று இல்லாததால், மயங்கினாலும் பொருள் கெடுவது அரிது. கெடாத இடத்தில் காவல் தளர்வது இயல்பே.

ஆனால், சொற்கள் புணரும் இடத்தில் அக்காவல் வேண்டியிருக்கிறது. மூன்று நூறு முந்நூறு. முன் வந்த நூறு முன்னூறு. மூன்று நாள் முந்நாள். முன்னைய நாள் முன்னாள். தம்முடைய நலம் தந்நலம்; தன்னுடைய நலம் தன்னலம். இறுதியாக ஒன்று சொல்கிறேன், நெஞ்சில் வையுங்கள். எம்முடைய நாடு எந்நாடு. என்னுடைய நாடு என்னாடு. பலர்க்கும் உரிய நாட்டுக்கும் ஒருவனுக்கு மட்டும் உரிய நாட்டுக்கும் இடையே தமிழில் நிற்கும் வேலி, நாவின் நுனி பல்லில் படுகிறதா ஈற்று மேட்டில் படுகிறதா என்பதுதான்!

நகரம் முற்றும் இறந்துவிட்டதா? இல்லை. 'பந்து' என்று சொல்லுங்கள். 'ப' என்று தொடங்கி 'ந்' என்ற இடத்தில் நிறுத்துங்கள். உங்கள் நா எங்கே இருக்கிறது? பல்லின் அடியில் இருக்கிறது! எவரும் கற்பிக்காமலே இருக்கிறது. பின்னே நிற்கும் தகரம் அதைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டது. பந்து, பந்தல், சந்தை, ஐந்து எனத் தமிழன் நாள்தோறும் நூறு முறை தூய நகரத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். அந்த நாவை அப்படியே வைத்துக்கொண்டு 'நாடு' என்று சொன்னால் நகரம் தன் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

மற்ற மெல்லெழுத்துகளுக்கும் பேச்சில் மாற்றங்கள் நேர்ந்துள்ளன. ஒன்று 'ஒண்ணு' ஆயிற்று. மூன்று 'மூணு' ஆயிற்று. கன்று 'கண்ணு' ஆகி, மாட்டின் கன்றும் முகத்தின் கண்ணும் சில வாய்களில் ஒன்றாகிவிட்டன. சொல்லின் இறுதியில் நிற்கும் னகர மகரங்கள் பேச்சில் நாவைத் தொடாமலே மூக்கிசையாகக் கரைகின்றன. 'அவன் வந்தான்', 'அவள் வந்தாள்' என்னும் இரண்டையும் நம் வீட்டுப் பேச்சில் சொல்லிப் பாருங்கள். னகரமும் போயிற்று, ளகரமும் போயிற்று. ஆயினும், வந்தவன் ஆணென்றும் வந்தவள் பெண்ணென்றும் கேட்பவர்க்குத் தெரிகிறது. எதனால்? ஆண்பாலில் அந்த ஆகாரம் மூக்கின் வழியே வருகிறது. பெண்பாலில் வாயின் வழியே வருகிறது. ஒரு கதவின் திறப்பு இரண்டு பால்களைப் பிரித்துக் காட்டுகிறது. மூக்கிசை எத்துணைப் பொருளைச் சுமக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அண்டையும் தொலைவும்

நம் மாவட்டம் மொழிகள் கூடும் எல்லை. 1965ஆம் ஆண்டு சேலத்திலிருந்து பிரிந்து, 2004ஆம் ஆண்டு கிருட்டிணகிரியைத் தனியே பிரித்துக் கொடுத்த பின்னும், தமிழோடு கன்னடமும் தெலுங்கும் பேசும் வீடுகள் இங்கு உண்டு. சித்தேரி, வத்தல்மலை முதலிய மலைகளிலிருந்தும் பிள்ளைகள் பள்ளிக்கு வருகின்றனர். கன்னடத்திலும் தெலுங்கிலும் நகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரே எழுத்து. அவ்வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு எழுத்தின் தேவையே புதிது. வீட்டில் கேளாத வேறுபாட்டைப் பள்ளியிலாவது அது கேட்கவேண்டும் அல்லவா?

மலையாளத்தின் நிலை வேறு. அங்கே பல்லில் பிறக்கும் நகரமும் ஈற்று மேட்டில் பிறக்கும் னகரமும் இன்றும் மக்கள் வாயில் வேறுவேறாக வாழ்கின்றன. ஆனால், எழுதுவதற்கு வழக்கில் இருப்பது ஒரே எழுத்து. நாம் 'என்னால்' என்பதற்கும் 'என்றால்' என்பதற்கும் நேராக அவர்கள் வழங்கும் இரண்டு சொற்களும் எழுத்தில் ஒரே வடிவம், வாயில் இரண்டு. அவர்கள் ஒலியைக் காத்து எழுத்தை விட்டனர். நாம் எழுத்தைக் காத்து ஒலியைத் தளரவிட்டோம்.

அந்த எழுத்து நமக்கு எளிதில் வாய்த்ததும் அன்று. மதுரையை அடுத்த மாங்குளம் முதலிய குன்றுகளில் உள்ள தமிழிக் கல்வெட்டுகளின் எழுத்தில் னகரத்துக்கென ஒரு தனி வடிவம் உண்டு. வடபுலத்து அசோகன் கல்வெட்டுகளில் அத்தகைய வடிவம் இல்லை. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே நகரத்தின் வேறாக னகரத்தைக் கேட்ட காதுகள் இம்மண்ணில் இருந்தன. கேட்டதனால்தான் தனி எழுத்துச் செய்தனர். நெடுங்கணக்கின் இறுதியில் ழ, ள, ற, ன என்னும் நான்கும் ஒருங்கே நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஆங்கிலத்தில் மெல்லொலிகள் மூன்றே. ஆத்திரேலியத் தொல்குடிகளின் மொழிகள் சிலவற்றில் நம்மைப் போலவே ஆறு இடங்களில் மெல்லொலி பிறக்கிறது. கீழ்க்கடலின் கோடியில், யப்பான் நாட்டின் தெற்கே, இரியூக்கியூத் தீவுகள் இருக்கின்றன. அவற்றுள் மியாக்கோ என்னும் தீவின் மொழியில் 'இம்' என்றால் கடல். 'இன்' என்றால் நாய். சொல்லின் இறுதியில் இதழ் மூடுவதும் நா ஒற்றுவதும் அங்கே வேறு வேறு பொருள் தருகின்றன. பொது யப்பானிய எழுத்திலோ சொல்லின் இறுதியில் வரும் மூக்கொலிக்கு ஒரே குறிதான் உண்டு. பள்ளியில் அவ்வெழுத்தை மட்டும் கற்ற மியாக்கோப் பிள்ளைக்குத் தன் கடலையும் தன் நாயையும் வேறுபடுத்தி எழுத வழியில்லை. அதனினும் கொடுமை ஒன்று உண்டு. கடந்த நூற்றாண்டில் அத்தீவுகளின் பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு நாணச் செய்தனர். இன்று இரியூக்கியூ மொழிகள் முதியோர் வாயில் மட்டும் தங்கி நலிகின்றன. 2009ஆம் ஆண்டு யுனெசுக்கோ வெளியிட்ட அழியும் நிலை மொழிகளின் வரைபடத்தில் அவற்றுள் ஆறு இடம்பெற்றன. எழுத்தில்லாத ஒலியை அவர்கள் இழக்கிறார்கள். எழுத்துள்ள ஒலியை நாம் இழக்கலாமா?

என் குற்றம்

நண்பர்களே! பிறர்மேல் பழி சொல்ல நான் வரவில்லை. என் குற்றத்தைச் சொல்கிறேன்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகட்கு முன்பு, நான் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு சிற்றூர்ப் பள்ளியில் சொல்வதெழுதுதல் நடத்தினேன். 'முந்நூறு ஆடுகள் மேய்ந்தன' என்று சொன்னேன். வீட்டில் கன்னடம் பேசும் சிறுவன் ஒருவன் 'முன்னூறு' என்று எழுதினான். சிவப்பு மையால் சுழித்தேன். நூறு முறை எழுதி வா என்றேன். அவன் எழுந்து, "ஐயா, நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன். இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றான். சொன்னேன். "இப்போதும் அப்படித்தான் ஐயா கேட்கிறது" என்றான். பிள்ளைகள் சிரித்தனர். எனக்குச் சினம் மூண்டது. பிரம்பை எடுத்தேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபின் ஏதோ உறுத்திற்று. கண்ணாடி முன் நின்று முந்நூறு என்றேன், முன்னூறு என்றேன். இரண்டு முறையும் என் நா ஈற்று மேட்டில்தான் நின்றது. பிறப்பியல் முழுவதையும் கல்லூரியில் மனப்பாடமாக ஒப்பித்துப் பட்டம் பெற்றவன் நான். அவ்வியல் என் நினைவில் இருந்தது, வாயில் இல்லை. அந்தச் சிறுவன் எழுதியது தவறு. ஆனால், அவன் கேட்டது சரி. என் தவறுக்கு அவன் அடி வாங்கினான்.

மறுநாள் அவனிடம் அதைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. எட்டாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். அதற்கு என் பிரம்புதான் கரணியம் என்று சொல்ல முடியாது. வீட்டில் வறுமை இருந்தது. ஆயினும், அவன் என் வகுப்பில் கேட்ட இறுதிக் கேள்வி அதுவாகவே இருந்தது. இவ்வளவு காலம் கழித்து இந்த மேடையில் அதைச் சொல்வதற்கு ஒரு பயன் உண்டென்றால், நீங்களும் இன்றிரவு கண்ணாடி முன் நின்று பார்க்கவேண்டும் என்பதே.

செய்யத்தக்கன

நான் கண்ட வழிகளைச் சொல்லி முடிக்கிறேன். இவற்றுக்குப் பணம் வேண்டா, ஆணை வேண்டா. ஒரு கண்ணாடித் துண்டும் நல்ல வாயும் போதும்.

முதலாவது, சுழிப்பெயரை விடுங்கள். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்றே முதல் வகுப்பிலிருந்து சொல்லுங்கள். பெயரே பிள்ளையின் நாவை இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இரண்டாவது, மெல்லொற்றைத் தனியே ஒலித்துக் காட்டாதீர்கள். 'ன்', 'ண்', 'ம்' என்று உயிரில்லாமல் நீட்டினால் மூக்கிசை எல்லாம் ஏறக்குறைய ஒன்று போலவே கேட்கும். நா தன் இடத்தைச் சேரும்போதும் விட்டு நீங்கும்போதும் பக்கத்து உயிரொலியில் படியும் சாயல்தான் இன்ன மெல்லெழுத்து என்று காதுக்குக் காட்டுகிறது. ஆகவே, இருபுறமும் உயிரை வைத்துச் சொல்லுங்கள். அங்ஙனம், அஞ்ஞான்று, அண்ணன், அந்நாள், அம்மா, அன்னை. ஆறு சொற்கள், ஆறு இடங்கள். நாள்தோறும் வகுப்பின் தொடக்கத்தில் ஒரு முறை சொன்னால், ஆண்டு முடிவதற்குள் இடம் நாவில் ஊன்றிவிடும்.

மூன்றாவது, நகரத்தைப் பந்திலிருந்து தொடங்குங்கள். பந்து, பந்தல், பிறகு நாடு, பிறகு எந்நாடு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வதே கற்பித்தல்.

நான்காவது, கைப்பேசியைப் பற்றி ஒரு சொல். இன்றைய பிள்ளைகள் பலர் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் எழுதுகின்றனர். ந, ன, ண மூன்றுக்கும் தொடக்கத்தில் அவர்கள் தட்டுவது ஒரே எழுத்து. எது வேண்டும் என்பதைக் கருவி முன்வந்து காட்டுகிறது. பிள்ளை முதலில் தோன்றியதைத் தொட்டுவிடுகிறது. கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. தேர்ந்தெடுக்கத் தெரிந்த காதை நாம் கொடுத்திருந்தால், கருவி பணியாளாக இருக்கும். கொடாவிட்டால் அதுவே ஆசானாகிவிடும். தமிழ் விசைப்பலகையிலேயே தட்டப் பழக்குங்கள். அங்கே மூன்றும் மூன்று இடத்தில் இருக்கின்றன.

ஐந்தாவது, தன் காதுக்குக் கேட்டபடி எழுதிய பிள்ளையை அடிக்காதீர்கள். அது எழுதியது நம் வாயின் படம். படம் கோணலாக இருந்தால் முதலில் முகத்தைப் பார்க்கவேண்டும்.

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவி சேர்ந்தாள். ஊரையும் தந்தை பெயரையும் கேட்டபோதுதான் தெரிந்தது, அவள் அந்தச் சிறுவனின் மகள். அவளுக்கும் அதே சொல்லைச் சொன்னேன். இம்முறை, "உன் நாவைப் பல்லின் அடியில் வை, பந்து என்று சொல்வதுபோல் வை" என்று காட்டிவிட்டு, முந்நூறு என்றேன், பிறகு முன்னூறு என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முதலில் தவறினாள். சில நாள் கழித்து, ஐந்து முறைக்கு நான்கு முறை சரியாகச் சொன்னாள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவள் தந்தை, நரை தொடங்கிய தலையோடு என் முன் நின்று, "ஐயா, அது வேறு வேறாய்க் கேட்கிறதாமே, மகள் சொன்னாள்" என்றார். "அன்று நான் சரியாகச் சொல்லவில்லை, தம்பி. தவறு என்னுடையது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

ஆசிரிய நண்பர்களே! மொழியைக் காப்பது என்றால் மேடையில் முழங்குவது மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். ஓர் எழுத்தை அது பிறக்கும் இடத்தில் பிறக்கச் செய்து அடுத்த வாய்க்குக் கொடுப்பதும் காப்புத்தான். ஈராயிரம் ஆண்டுகள் வாய்வழி வந்த ஆறு ஒலிகள் நம் நாவின் நுனியில் நின்று காத்திருக்கின்றன. நாளைக் காலை வகுப்புக்குச் சென்றதும் அந்த ஆறு சொற்களைச் சொல்லித் தொடங்குங்கள். பெண்ணாகரத்துப் பேருந்தின் பலகை தானே திருந்தும்.

எந்நாடும் என்னாடும் இனி வேறு வேறாய் ஒலிக்கட்டும்!